வேலம்மாளின் ‘அப்புறம்’ மூலை

மஞ்சம்பாறைக் காட்டில் வேலம்மாள் என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். அவளுக்கு எதுவும் கலந்து கிடந்தால் ஆகாது. வளைக்குள் பெரிய கிழங்கு ஒரு பக்கம், சின்னக் கிழங்கு ஒரு பக்கம். நடுத்தரமாக ஒரு கிழங்கு கிடைத்துவிட்டால் அதை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாது. உடனே தின்றுவிடுவாள்.

அதே காட்டில் ஒரு நூலகமும் இருந்தது. ஓடைக்கு மேலே ஒரு பெரிய பாறை கூரைபோல் நீண்டிருந்தது. அதன் அடியில்தான் புத்தகங்கள். காட்டு மிருகங்களும் பறவைகளும் மரப்பட்டையில் எழுதி, கொடியால் தைத்து, கொண்டுவந்து போட்டவை. போட்டவை என்றால் உண்மையிலேயே போட்டவைதான். எல்லாம் ஒரே குவியல்!

கரடியார் தேன் எடுக்கும் வழி பற்றிய புத்தகத்தைத் தேடினால், கையில் ஆமையின் சுயசரிதை வரும். மயில் நடனப் புத்தகத்தைத் தேடினால், ஆமையின் சுயசரிதை இரண்டாம் பாகம் வரும். ஆமை நிறைய எழுதியிருந்தார். காட்டுப்பன்றி தேட வந்தாலோ கேட்கவே வேண்டாம். மூக்கால் குவியலையே கிளறிவிட்டுப் போவார். பிறகு அங்கே அடிதடிதான்.

ஒருநாள் காட்டின் தலைவியான யானை பெரியநாயகி அம்மா எல்லாரையும் கூட்டினார்.

“இப்படியே போனால் நாம் ஒரு புத்தகமும் படிக்கப்போவதில்லை. மண்டையை உடைத்துக்கொள்வதுதான் மிச்சம். இவற்றை யாராவது வகை பிரித்து அடுக்கித் தருவீர்களா?”

“நான் செய்கிறேன்!” முட்கள் சலசலக்க வேலம்மாள் முன்னால் வந்தாள்.

நன்றாகவே செய்தாள். அதில் குறை சொல்ல முடியாது. மூங்கிலைப் பிளந்து தட்டுகள் கட்டினாள். மரம் செடிகளைப் பற்றிய புத்தகங்கள் முதல் தட்டில். ஓடை, குளம், மழை பற்றியவை இரண்டாம் தட்டில். அதன்பின் தீனி, நோய், பாட்டு, கதை என்று வரிசையாக வைத்தாள். வாழ்க்கை வரலாறுகளுக்கு ஒரு தட்டு. ஆமைக்கு மட்டும் தனியாக ஒரு தட்டு.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் எண் கொடுத்தாள். முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, நாவல்பழச் சாற்றில் தோய்த்து, காய்ந்த பூவரச இலையில் சீட்டு எழுதினாள். புத்தகத்தின் பெயர், எழுதியவர் பெயர், எந்தத் தட்டு, எத்தனையாவது இடம் எல்லாம் சீட்டில் இருந்தன. சீட்டைப் பார்த்தவர் நேராகப் போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளலாம்.

கரடியார் அசந்துபோனார். “வந்து உட்காரக்கூட இல்லை, அதற்குள் தேன் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டாளே!”

“வேலம்மாள் கை பட்டால் எல்லாம் சீராகிவிடும்!” என்றது மயில்.

“இந்தக் காட்டுக்கு நீ பெரிய உபகாரம் செய்திருக்கிறாய், அம்மா!” என்றார் பெரியநாயகி.

புகழ்ச்சி யாரைத்தான் சும்மா விட்டது? அன்று முதல் வேலம்மாளின் முட்கள் எந்நேரமும் கொஞ்சம் விரிந்தே இருந்தன. வேலை முடிந்த பிறகும் அவளுக்கு வேலை முடியவில்லை.

“மரம் செடி என்று மொத்தமாக வைத்தது தப்பு. முள் உள்ள மரம் வேறு, முள் இல்லாத மரம் வேறு. முள்ளிலும் நேரான முள் வேறு, வளைந்த முள் வேறு!” என்று அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். சீட்டுகளை மறுபடி எழுதினாள். முதுகில் முட்கள் குறைந்துகொண்டே வந்தன.

ஒருநாள் அவள் கையில் ‘மழை நாளில் தவளை பாடும் பாட்டு’ என்ற புத்தகம் வந்தது. இதை மழையோடு வைப்பதா, தவளையோடு வைப்பதா, பாட்டோடு வைப்பதா? மழைத் தட்டில் வைத்தாள். மனசு கேட்கவில்லை. பாட்டுத் தட்டுக்கு மாற்றினாள். தூக்கம் வரவில்லை. கடைசியில் பாறையின் ஒரு மூலையில் கொண்டுபோய் வைத்தாள்.

“இதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.”

அந்த மூலைக்கு ‘அப்புறம்’ என்றே பெயர் வந்துவிட்டது. எந்த வகையில் சேர்ப்பது என்று புரியாத புத்தகமெல்லாம் அங்கே போயிற்று. அங்கே போன புத்தகத்துக்கு எண் கிடையாது, சீட்டு கிடையாது. ஆகவே அதை யாருக்கும் கொடுப்பதும் கிடையாது.

அடுத்தபடியாக வேலம்மாளின் பார்வை படிக்க வருகிறவர்கள்மேல் விழுந்தது.

“புத்தகங்கள் ஒழுங்காக நிற்கின்றன. இவர்கள்தான் கண்டபடி வந்து நிற்கிறார்கள்!” என்றாள். அவர்களையும் வகை பிரித்தாள். குளம்பு உள்ளவர்கள் ஒரு நாள் வர வேண்டும், நகம் உள்ளவர்கள் ஒரு நாள், இறகு உள்ளவர்கள் ஒரு நாள், செதில் உள்ளவர்கள் ஒரு நாள். ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிறத்தில் அட்டை. அட்டை இல்லாதவருக்குப் புத்தகம் இல்லை!

அந்தச் சமயம் பார்த்துத்தான் சுருளி அட்டை வாங்க வந்தான்.

சுருளி ஓர் அலங்கு. எறும்புத்தின்னி என்றும் சொல்வார்கள். தலை முதல் வால் வரை ஓடு ஓடாகச் செதில். நீண்ட மூக்கு, அதைவிட நீண்ட நாக்கு. எறும்பும் கறையானும்தான் அவன் ஆகாரம். கூச்ச சுபாவம். யாராவது உரக்கப் பேசினாலே உருண்டையாகச் சுருண்டுகொள்வான்.

“அக்கா, எனக்கு ஓர் அட்டை வேண்டும்” என்றான்.

“என்ன புத்தகம் படிப்பாய்?”

“சமையல் புத்தகம். கடித்து மென்று தின்கிற பண்டங்களைப் பற்றிப் படிக்க ஆசை. எனக்குப் பல் கிடையாது, அக்கா. படித்தாவது பார்க்கலாமே!”

வேலம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். “உடம்பெல்லாம் செதில். பாம்பு, பல்லி வகை. எழுதிக்கொள்கிறேன்.”

“இல்லை அக்கா, நான் பால் குடித்து வளர்ந்தவன்.”

“முட்டையிலிருந்து வரவில்லையா?”

“இல்லையே! அம்மா வால்மேல் உட்கார்ந்து சவாரி போனவன்.”

“அப்படியானால் நகம் உள்ள மிருகம்.” எழுதப் போனவள் நிறுத்தினாள். “அவர்களுக்கெல்லாம் மேலே ரோமம் இருக்கும். உனக்கு மட்டும் ஏன் செதில்?”

“தெரியவில்லை அக்கா. நான் கேட்டு வாங்கவில்லை.”

“பல்லும் இல்லை என்கிறாய். எங்கே, நாக்கைக் காட்டு!”

சுருளி நாக்கை நீட்டினான். அது வந்துகொண்டே இருந்தது. வேலம்மாள் இரண்டடி பின்வாங்கினாள்.

“போதும் போதும், உள்ளே இழு! தம்பி, நீ எந்த வகையிலும் சேரவில்லை. நீ ‘அப்புறம்’. நான் யோசித்து முடித்ததும் சொல்லி அனுப்புகிறேன்.”

சுருளி தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். “அக்கா, ஒன்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?”

“கேள்.”

“உங்கள்மேல் இவ்வளவு முள் இருக்கிறதே. மேலே இருப்பதை வைத்துப் பார்த்தால் நீங்கள் சப்பாத்திக்கள்ளி வகையா?”

அவன் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். ஆனால் வேலம்மாளின் முட்கள் அத்தனையும் விறைத்து நின்றன.

“வெளியே போடா!”

சுருளி சுருண்டான். நின்ற இடம் சரிவு. உருண்டு உருண்டு ஓடைக்கரை வரை போய்த்தான் நின்றான்.

ஓடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த புள்ளிமான் பூவாயி பதறிப்போய்ப் பார்த்தாள். பக்கத்தில் அவளுடைய குட்டி சிட்டு நின்றது.

“அம்மா, பாறை அழுகுது!” என்றது சிட்டு.

“பாறை இல்லை கண்ணு, சுருளி மாமா. ஏன் தம்பி அழுகிறாய்?”

சுருளி நடந்ததைச் சொன்னான். பூவாயிக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. அவளிடம் குளம்பு வகை அட்டை இருந்தது. மறுநாள் காட்டுப்பன்றி எழுதிய ‘கிழங்கும் கொட்டையும்: கடிக்கச் சில வழிகள்’ என்ற புத்தகத்தை எடுத்துவந்து, மூங்கில் புதர் நிழலில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள். ஒருபக்கம் சிட்டு, ஒருபக்கம் சுருளி. ‘மொறுமொறு’ என்ற சொல் வரும்போதெல்லாம் சுருளி கண்ணை மூடிக்கொண்டான்.

இது தினமும் நடந்தது. காட்டில் எதுதான் மறைந்து இருக்கிறது? விஷயம் வேலம்மாள் காதுக்குப் போயிற்று.

“ஓர் அட்டையில் மூன்று பேர் படிப்பதா? புத்தகம் என்ன ஆவது?” என்று கொதித்தாள்.

அன்று அவள் தட்டுகளை உற்றுப் பார்த்தாள். எடுத்துப்போன புத்தகங்களின் இடம் காலியாக இருந்தது, பல் விழுந்த வாய் மாதிரி. சில புத்தகங்கள் இடம் மாறி இருந்தன. மயில் தலைகீழாக வைத்துவிட்டுப் போன ஒன்றும் இருந்தது. வேலம்மாளுக்கு நெஞ்சே வலித்தது.

“இவர்கள் வந்து வந்து எடுப்பதால்தானே இவ்வளவு குழப்பம்!”

வெளியே போன புத்தகங்களை எல்லாம் வாங்கி அடுக்கினாள். வாசலை அடைக்க ஒரு முள்கட்டையை இழுத்துப் போட்டாள். மேலே ஒரு பலகை தொங்கியது.

‘வகை பிரிக்கும் வேலை நடக்கிறது. யாரும் உள்ளே வரக்கூடாது.’

மழைக்காலம் தொடங்கியது. பலகை அப்படியே தொங்கியது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. புரட்டுவார் இல்லை, எடுப்பார் இல்லை. வரிசை கலையாமல் நின்ற புத்தகங்களைப் பார்த்துப் பார்த்து வேலம்மாள் பூரித்துப்போனாள்.

அந்த மழையில் சிட்டுவின் காலில் இலந்தை முள் குத்தியது. பூவாயி முள்ளை எடுத்துவிட்டாள். ஆனால் புண் சீழ் பிடித்தது. கால் வீங்கியது. குட்டியால் எழுந்து நிற்க முடியவில்லை. அந்தக் காட்டில் வைத்தியம் தெரிந்தவர் கருமந்தி என்ற கருங்குரங்கு ஒருவர்தான். அவர் போன கோடையில் காலமாகிவிட்டார். அவர் எழுதிய ‘புண்ணுக்குப் பச்சிலை’ என்ற புத்தகம் நூலகத்தில் இருந்தது.

பூவாயி மழையில் நனைந்துகொண்டே ஓடிவந்தாள்.

“வேலம்மா அக்கா! கருமந்தி வைத்தியர் புத்தகம் வேண்டும். என் குட்டிக்குக் கால் வீங்கிப்போச்சு!”

முள்கட்டைக்கு மேலே வேலம்மாளின் மூக்கு தெரிந்தது. “பலகையைப் பார்க்கவில்லையா?”

“பார்த்தேன் அக்கா. ஒரே ஒரு புத்தகம்...”

“அந்தப் புத்தகம்தான் எனக்குப் பெரிய தலைவலி! பாதி நோயைப் பற்றிச் சொல்கிறது, பாதி செடியைப் பற்றிச் சொல்கிறது. நோய்த் தட்டா, செடித் தட்டா என்று இன்னும் முடிவாகவில்லை. ‘அப்புறம்’ மூலையில் இருக்கிறது.”

“எங்கே இருந்தால் என்ன? எடுத்துக் கொடுங்களேன்!”

“எண் இல்லாத புத்தகத்தை எப்படிக் கொடுப்பது? பூவாயி, கொஞ்சம் யோசித்துப் பார். இதைச் சரியான இடத்தில் வைத்துவிட்டால் நூறு வருஷத்துக்கு யார் வந்தாலும் உடனே கிடைக்கும். நூறு வருஷத்து நன்மைக்காக நீ ரெண்டு நாள் பொறுக்கக் கூடாதா?”

“என் குட்டிக்கு ரெண்டு நாள் இருக்கிறதா என்று தெரியவில்லையே, அக்கா” என்றாள் பூவாயி.

வேலம்மாள் திரும்பித் தட்டுகளைப் பார்த்தாள். அவள் கெட்டவள் இல்லை. மனசு ஒருகணம் தடுமாறியது. ஆனால் உள்ளே அந்த வரிசை அவ்வளவு அழகாக நின்றுகொண்டிருந்தது. “நாளைக்கு வா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பூவாயி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு குட்டி தனியாக இருக்கிறதே என்று திரும்பி ஓடினாள்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. வேலம்மாள் முதல் தட்டின் முன்னால் நின்றாள். எங்கிருந்தோ ஒரு சத்தம் வந்தது. கர், கர், கர் என்று மெல்லிய சத்தம்.

ஒரு புத்தகத்தை உருவினாள். அட்டை மட்டும் கையோடு வந்தது. உள்ளே இருந்ததெல்லாம் பொலபொலவென்று மண்ணாகக் கொட்டியது! அடுத்ததை எடுத்தாள். அதுவும் மண். அதற்கு அடுத்தது, அதுவும் மண்!

“வணக்கம் அம்மணி!” என்றது ஒரு சின்னக் குரல். தட்டின் விளிம்பில் ஒரு கறையான் மேஸ்திரி நின்றிருந்தது. அதற்குப் பின்னால் கூட்டம் கூட்டமாக வேலை நடந்துகொண்டிருந்தது.

“யார் நீங்கள்? இங்கே என்ன செய்கிறீர்கள்?” வேலம்மாள் அலறினாள்.

“சாப்பிடுகிறோம், அம்மணி. உங்களை நேரில் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. முன்பெல்லாம் இங்கே வந்தால் நிம்மதியே இருக்காது. ஒருவர் இழுப்பார், ஒருவர் புரட்டுவார், காட்டுப்பன்றி மொத்தமாகக் கவிழ்த்துவிடுவார். வெயில் வேறு உள்ளே வரும். இப்போது பாருங்கள், தொந்தரவு கொடுக்க ஆளே இல்லை. எல்லாம் உங்கள் ஏற்பாடு!”

“ஐயோ! எவ்வளவு தின்றீர்கள்?”

“வரிசைப்படிதான் போகிறோம். நேரான முள் உள்ள மரம் முடிந்தது, வளைந்த முள் முடிந்தது, முள் இல்லாத மரமும் முடிந்தது. நேற்று ஓடை, குளம். நாளைக்குத் தீனி. இவ்வளவு தெளிவாக அடுக்கி வைத்த சாப்பாட்டை நாங்கள் பார்த்ததே இல்லை!”

வேலம்மாளின் கண் ‘அப்புறம்’ மூலைக்கு ஓடியது.

“அது எந்த வகை என்று எங்களுக்கும் புரியவில்லை” என்றது மேஸ்திரி. “கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறோம்.”

வேலம்மாள் முட்களைச் சிலிர்த்துக்கொண்டு தட்டின்மேல் பாய்ந்தாள். ஒரு கறையான்மேலும் முள் படவில்லை. மிச்சம் இருந்த புத்தகங்களில்தான் ஓட்டை விழுந்தது. அழுதுகொண்டே கரடியாரிடம் ஓடினாள். கரடிகளுக்கும் கறையான் பிடிக்கும் அல்லவா?

கரடியார் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். “நான் கறையானைத் தின்பது புற்றை உடைத்து, பலமாக ஊதி, உறிஞ்சித்தான். இங்கே ஊதினால் புத்தகமும் பறந்துவிடும், தட்டும் பறந்துவிடும். ஏடு ஏடாக நுழைந்து எடுக்க ஒரு மெல்லிய நாக்கு வேண்டும். அந்த அலங்குப் பையன் எங்கே?”

அலங்குப் பையன் எங்கே? வேலம்மாள் வாசகர் சீட்டுகளைப் புரட்டினாள். குளம்பு உள்ளவர்களின் வீடு எழுதியிருந்தது. இறகு உள்ளவர்களின் கூடு எழுதியிருந்தது. சுருளி எந்த வகையிலும் இல்லை. அதனால் அவன் வீடு எங்கே என்று அவள் கேட்கவே இல்லை.

நல்ல பகலில் காடு முழுக்க விசாரித்துக்கொண்டு ஓடினாள். “சுருளியா? பூவாயி வீட்டில் இருப்பானே!” என்றது மயில்.

 எந்த முகத்தோடு அங்கே போவது? ஆனாலும் வேலம்மாள் போனாள்.

மூங்கில் புதருக்கு அடியில் சிட்டு படுத்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. வீங்கிய காலைத் தேடி எறும்புகள் சாரிசாரியாக வந்தன. சுருளி பக்கத்திலேயே உட்கார்ந்து, புண்ணில் படாமல், ஒவ்வொரு எறும்பாக நாக்கால் எடுத்துக்கொண்டிருந்தான். ராத்திரியெல்லாம் அப்படியே இருந்திருக்கிறான். பூவாயி குட்டியின் தலையை நக்கிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வேலம்மாளைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்றாள்.

“புத்தகம் கொண்டுவந்தீர்களா, அக்கா?”

வேலம்மாள் வெறுங்கையோடு நின்றாள். நேற்று அவள் ‘ரெண்டு நாள் பொறு’ என்று சொன்னது இந்தக் குட்டியைப் பற்றி என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வந்த காரியமே மறந்துபோயிற்று.

“ஐயோ, என்ன செய்துவிட்டேன்!” என்றாள். “பூவாயி, என்னோடு ஓடிவா! இப்போதே எடுத்துத் தருகிறேன்!”

ஓடிக்கொண்டே அவள் கறையான் விஷயத்தைச் சொல்லி அழுதாள். சுருளி யாரும் கூப்பிடாமலே பின்னால் வந்தான். சிட்டுக்குக் காவலாக, வழியில் பார்த்த மயிலை அனுப்பிவைத்தார்கள்.

நூலக வாசலுக்கு வந்ததும் வேலம்மாள் முள்கட்டையைத் தூக்கி எறிந்தாள். நேராக ‘அப்புறம்’ மூலைக்குப் போய், கருமந்தியின் புத்தகத்தை எடுத்துப் பூவாயியிடம் நீட்டினாள்.

“எடுத்துக்கொண்டு ஓடு!”

“சீட்டு எழுத வேண்டாமா?”

“அதெல்லாம் அப்புறம்!”

பூவாயி புத்தகத்தை வாயில் கவ்விக்கொண்டு பறந்தாள். சுருளி மட்டும் வாசற்படியில் நின்றான்.

“ஏன் நிற்கிறாய்?”

“எனக்கு அட்டை இல்லையே, அக்கா.”

வேலம்மாள் தலை குனிந்தாள். “உள்ளே வாப்பா. உன்னை வாசலில் நிறுத்தியது என் தப்பு.”

சுருளி உள்ளே போனான். நாக்கு நீண்டது. இரண்டாம் தட்டின் சந்துகளில் நுழைந்தது. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் நடுவே வழுக்கிக்கொண்டு போனது. ஒரு பட்டைகூடக் கிழியவில்லை.

“கொஞ்சம் பொறுங்கள்! தீனித் தட்டு மட்டும் முடித்துக்கொள்கிறோம்!” என்று மேஸ்திரி கெஞ்சியது. அதுதான் அது கடைசியாகப் பேசிய பேச்சு. மீதிக் கறையான்கள் சுவரோரம் கட்டிய மண்குழாய் வழியாக ஓட்டம் எடுத்தன. சாயங்காலத்துக்குள் கர் சத்தம் அடங்கிவிட்டது. சுருளிக்கு ஏப்பம் வந்தது.

கருமந்தியின் புத்தகத்தில் வெட்டுக்காயப் பூண்டின் இலையைக் கசக்கிப் பிழியும் முறை தெளிவாக இருந்தது. பூவாயி அப்படியே செய்தாள். ஒரே நாளில் குணமாகிவிடவில்லை. வீக்கம் மெல்ல வடிந்தது. மழைக்காலம் முடியும்வரை சிட்டு நொண்டி நொண்டித்தான் நடந்தது. ஆனால் நடந்தது!

பெரியநாயகி அம்மா மறுபடியும் எல்லாரையும் கூட்டினார். முதல் தட்டு முழுக்க மண். இரண்டாம் தட்டில் பாதி மண். எல்லாருக்கும் ஆத்திரம்.

“வகையும் வேண்டாம், தொகையும் வேண்டாம்! பழையபடி குவியலே போதும்!” என்று காட்டுப்பன்றி கத்தினார்.

“சீட்டை எல்லாம் ஓடையில் விடுங்கள்!” என்றார் கரடியார்.

 வேலம்மாள் சீட்டு எழுதும் முள்ளைக் கீழே வைத்தாள்.

அப்போது சுருளி எழுந்தான். கூட்டத்தைப் பார்த்ததும் பாதி சுருண்டுவிட்டான். மீதிப் பாதியோடு பேசினான்.

“குவியல் வேண்டாம். குவியலில் ஒரு புத்தகத்தைத் தேடிப் பிடிக்கப் பலம் வேண்டும். பன்றி அண்ணனுக்கு இருக்கிறது, எனக்கு இல்லை. அக்கா அடுக்கித்தான் வைக்கட்டும். கதவை மட்டும் திறந்து வைக்கட்டும்.”

பெரியநாயகி தும்பிக்கையால் காதைத் தடவிக்கொண்டு யோசித்தார். “நீ என்ன சொல்கிறாய், வேலம்மா?”

“தப்பு செய்துவிட்டேன், அம்மா. அடுக்குவது யாருக்காக என்பதையே மறந்துவிட்டேன்” என்றாள் வேலம்மாள். “இனிமேல் புத்தகம் ஒரு தட்டில் இருக்கட்டும், சீட்டு எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும். கருமந்தி வைத்தியர் புத்தகம் நோய்த் தட்டில் இருக்கும். செடித் தட்டில் தேடி வருகிறவருக்கு, ‘இந்தப் புத்தகம் அங்கே இருக்கிறது, போய் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு சீட்டு வைக்கிறேன். தவளைப் பாட்டுக்கு மூன்று சீட்டு வைக்கிறேன். எந்த வகை என்று புரியாவிட்டாலும், கேட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு யோசிக்கிறேன்.”

“இது நன்றாக இருக்கிறதே! இவ்வளவு நாளாக ஏன் தோன்றவில்லை?” என்றது மயில்.

“அப்போது முதுகில் முள்ளும் நிறைய, தலையில் கனமும் நிறைய” என்றாள் வேலம்மாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

“வாசகர்களை எப்படிப் பிரிப்பாய்?” என்று பெரியநாயகி கேட்டார்.

“பெயரும் வீடும் மட்டும் எழுதிக்கொள்கிறேன். வேறு ஒன்றும் கேட்க மாட்டேன்.”

கீழே வைத்த முள்ளைப் பெரியநாயகியே எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

அழிந்த புத்தகங்களுக்கு என்ன செய்வது? அதற்கும் ஒரு வழி பிறந்தது. படித்தவர்கள் வந்து நினைவிலிருந்து சொன்னார்கள். வேலம்மாள் எழுதினாள். ஆலமரத்தைப் பற்றிய புத்தகத்தைக் குரங்குகள் சொல்லின, பாதிக்குமேல் சண்டை போட்டுக்கொண்டே. குளத்து மீன்களைப் பற்றிய புத்தகத்தை நாரை ஒரு வரி விடாமல் சொல்லிற்று. மூங்கில் பூப்பதைப் பற்றிய புத்தகத்தைப் பூவாயி சொல்ல, நடுநடுவே சிட்டு திருத்தியது.

ஆனால் சில புத்தகங்களுக்கு யாரும் வரவில்லை. அவற்றை யாரும் ஒருநாளும் எடுத்துப் படித்ததே இல்லை. ‘பாறையில் வளரும் பாசிகள்’ என்று ஒன்று. ‘காற்றடிக்கும் திசையில் விதைகள் போகும் தூரம்’ என்று ஒன்று. வேலம்மாளிடம் அவற்றின் பெயர் இருந்தது, எண் இருந்தது, எந்தத் தட்டு என்பதும் இருந்தது. உள்ளே என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் அவளுக்கே தெரியாது. அடுக்கிய அவசரத்தில் அவளும் அவற்றைப் படிக்கவில்லை. அந்த இடங்களை அவள் காலியாகவே விட்டுவைத்தாள்.

இப்போதெல்லாம் அந்தப் பக்கம் யாராவது போனால் வேலம்மாளே வாசலுக்கு வந்துவிடுகிறாள். உங்களுக்குக் குளம்பா, நகமா என்று கேட்பதில்லை.

“வாங்க வாங்க! என்ன படிக்கிறீர்கள்?” என்று கேட்கிறாள்.

தேடி வருகிறவர் கைக்குப் பொருள் சுலபமாகப் போய்ச் சேர்வதற்குத்தான் வகை பிரித்து வைக்கிறோம். வருகிறவரையே வாசலில் நிறுத்திவிடுகிற ஒழுங்கு கறையானுக்குத்தான் பயன்படும்.